விஓ2 மேக்ஸ் ஏறவில்லை, 10 கி.மீ. நேரம் மட்டும் குறைகிறது. ஏன்?

கேட்டவர்: ஆறு மாத இடைவெளியில் டிரெட்மில்லில் மாஸ்க் போட்டு இரண்டு டெஸ்ட். விஓ2 மேக்ஸ் (உடல் உச்ச முயற்சியில் பயன்படுத்தும் அதிகபட்ச ஆக்சிஜன்) இரண்டிலும் 50 (மி.லி./கிலோ/நிமிடம்). மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் ஆக்சிஜன் செலவு 43-லிருந்து 41. 10 கி.மீ. நேரம் 48 நிமிடத்திலிருந்து 46. வாட்ச்சோ விஓ2 மேக்ஸ் 47 என்று இறக்கிக் காட்டுகிறது. இண்டர்வல் (வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓடுவது) கூட்டணுமா?

ட்ராக்_மாறன்: வாட்ச்சை விடுங்க சார். வேகத்தையும் இதயத்துடிப்பையும் வைத்து அது போடுவது ஊகம்தான். சித்திரை வெயிலில் துடிப்பு ஏறும், எண் இறங்கும். மாஸ்க் கணக்கைப் பாருங்க. 12 கி.மீ. வேகம்னா கிலோமீட்டருக்கு 5 நிமிடம். 43 × 5 = 215 மி.லி.; இப்போ 205. முன்னால் உச்சத்தில் 86% கேட்ட வேகம் இப்போ 82%-லேயே ஓடுது. ஓட்டச் சிக்கனம் என்பது இதுதான். பிரிட்டிஷ் மாரத்தான் வீராங்கனை பவுலா ராட்கிளிஃபுக்கு 1992 முதல் 2003 வரை விஓ2 மேக்ஸ் 70-ஐ ஒட்டியே நின்றது, 16 கி.மீ. வேகத்தில் செலவு மட்டும் கிலோமீட்டருக்கு 205-லிருந்து 175-க்கு இறங்கியது. 2003 லண்டன் மாரத்தான் 2:15:25.

லேப்_கண்ணன்: கொஞ்சம் பொறுங்க. இரண்டு தடவையும் ஒரே ஷூவா? டிரெட்மில் சரிவு எவ்வளவு? 12-ல் ஆர்.இ.ஆர். (வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடுக்கும் உள்ளெடுக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம்) என்ன? அது 1-ஐத் தாண்டினால் ஆக்சிஜனை வைத்து முழுச் செலவைச் சொல்ல முடியாது.

கேட்டவர்: சரிவு இரண்டிலும் 1%. ஆர்.இ.ஆர். 0.97, அப்புறம் 0.93. இரண்டாம் முறை கார்பன் பிளேட் ஷூ (அடிப்பாகத்துக்குள் கார்பன் தகடு வைத்தது).

லேப்_கண்ணன்: அங்கதான் இடிக்குது! நல்ல ஓட்டக்காரர்களிடம் அந்த ஷூ மட்டுமே சராசரியாக 4% வரை மிச்சம் பிடிக்கும். மெதுவாக ஓடினால் குறையும், ஆளுக்கு ஆள் மாறும். உங்களுக்குச் செலவு இறங்கியது 4.7%. இதில் பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று இப்போ பிரிக்க முடியாது. பழைய ஷூவில் (தேய்ந்திருந்தால் அதே மாடல், அதே எடை) மறுபடி எடுங்க. 10, 11, 12 வேகங்களில் தலா 5 நிமிடம், கடைசி 1 நிமிடச் சராசரி மட்டும். சாப்பிட்டு 3 மணி நேரமாவது ஆகணும். முந்தின நாள் கடின ஓட்டம் கூடாது.

ட்ராக்_மாறன்: ஷூ விஷயம் சரிதான். ஆனா ஆர்.இ.ஆர். இறங்கியதில் பயிற்சிக்கும் பங்கு இருக்கலாம்.

இண்டர்வல் பற்றி: 4 × 4 நிமிடம், உச்சத் துடிப்பில் 90–95%, நடுவில் 3 நிமிட மெது ஓட்டம். வாரத்துக்கு ஒன்று போதும். அது உச்சத்தைத் தூக்கத்தான். சிக்கனத்துக்கு வெயிட் வேணும்: ஸ்குவாட், டெட்லிஃப்ட், காஃப் ரெய்ஸ், 3 செட், 4–6 தடவைதான் தூக்க முடிகிற கனம், வாரம் இரண்டு நாள். குதிகால் நாண் விறைத்தால் ஸ்பிரிங் மாதிரி உதைத்துத் தரும். தசை அந்த வேலையைச் செய்ய வேண்டாம். லேசான வெயிட்டில் 20 தடவை தூக்கினால் வியர்வைதான் மிச்சம். 8 வாரத்துக்கு முன்னாடி பலன் தேடாதீங்க. காலடியை வலிந்து நீட்டாதீங்க, செலவு கூடும்.

கேட்டவர்: வெயிட்டும் இண்டர்வலும் ஒரே நாளில் செய்யலாமா?

ட்ராக்_மாறன்: செய்யலாம். காலையில் இண்டர்வல், சாயங்காலம் வெயிட். மறுநாள் மெது ஓட்டம் மட்டும்.