மின்னல் எங்கடா போச்சு?

கார்த்தி: 📹 நேத்து ராத்திரி மழை, டைம்லாப்ஸ். ஒரு மணி நேரத்த 2 நிமிஷமாக்கிருக்கேன்

மீனா அத்தை: மேகம் ஓடுறது அழகா இருக்குடா. மின்னல் எங்க? எங்க வீடு வரைக்கும் பளிச் பளிச்னு வெட்டுச்சே

கார்த்தி: அதான் அத்தை கடுப்பு. ரெண்டு மூணுதான் தெரியுது, அதுவும் கண்ண சிமிட்டுறதுக்குள்ள போயிடுது

பெரியப்பா: இடி இடிக்கிறப்ப மொட்டை மாடில உனக்கு என்ன வேலை?

கார்த்தி: மாடி ரூம் ஜன்னல்தான் பெரியப்பா 🙏

ரவி சித்தப்பா: போன்ல டைம்லாப்ஸ் மோடா?

கார்த்தி: இல்ல சித்தப்பா, சாதா வீடியோ. லேப்டாப்லதான் 30 மடங்கு வேகமாக்குனேன்

ரவி சித்தப்பா: தப்பிச்ச. அந்த மோட்ல அப்பப்ப ஒரு ஃப்ரேம், அதாவது ஒரு படம்தான் எடுக்கும், நடுவுல வெட்டுனது பதிவே ஆகாது. உன்கிட்ட எல்லாம் இருக்கு. வேகமாக்குறப்ப 30 ஃப்ரேம்ல 29 கழிஞ்சுடுது, மின்னலும் அதோட போகுது

ரவி சித்தப்பா: எஃப்எஃப்எம்பெக்னு வீடியோவ மாத்துற சாஃப்ட்வேர் இருக்குல்ல, அதுல லேக்ஃபன்னு ஒரு ஃபில்டர் இருக்கு. வெளிச்சம் வந்தா உடனே காட்டும், இருட்டாகுறப்ப மட்டும் மெதுவா இறக்கும். டிகேன்னு ஒரு எண், தானா 0.95 இருக்கும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பழைய வெளிச்சத்துல 95 சதவீதம் மிஞ்சும். புதுசு அதவிட பிரகாசமா இருந்தா புதுச எடுத்துக்கும்

கார்த்தி: அப்ப 0.95 போதுமா?

ரவி சித்தப்பா: உனக்குப் பத்தாது. 30 ஃப்ரேம் தாண்டுறதுக்குள்ள 21 சதவீதம்தான் இருக்கும். 0.99 போடு, 74 நிக்கும். லேக்ஃபன் முதல்ல, வேகம் அப்புறம். மாத்திப் போட்டா கழிஞ்ச மின்னல் திரும்பி வராது

ப்ரியா: தெருவுல போற பைக் லைட்டும் இழுபடுமே?

ரவி சித்தப்பா: ஆமாம்மா, கோடு கோடா வரும். கீழ்ப்பக்கத்த வெட்டிடு கார்த்தி. போன் ஆடியிருந்தா தெருவிளக்கும் வால் முளைச்சு நிக்கும் 😄

கார்த்தி: 📹 வந்துருச்சு!! ஆனா வெட்டு மேல வெட்டு விழுந்த இடத்துல வானம் வெளுத்தே கெடக்கு

ரவி சித்தப்பா: 0.98க்கு இறக்கு. 54, 55 சதவீதம் நிக்கும், போதும்

கார்த்தி: 📹 இப்ப பாருங்க

மீனா அத்தை: ஆத்தாடி! கொடி கொடியா ஓடுது. ஆனா எனக்கு கட்டம் கட்டமா தெரியுதே

ப்ரியா: வாட்ஸ்அப் சுருக்கிடும் அத்தை. கார்த்தி, டாக்குமென்ட்டா போடு

பெரியப்பா: எனக்கு வேணாம். போன்ல இடமில்ல