துன்புறுத்தப்பட்டவர் பணிக்குத் திரும்புகிறார்: எதை மாற்ற வேண்டும்?

குழுப் பொறுப்பாளர் எழுதியது:

வணக்கம். எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு நான் பொறுப்பாளர். எங்கள் மூத்த ஊழியர் ஒருவர், இளையவர் ஒருவரை ஓராண்டுக்கும் மேலாகக் கூட்டங்களில் மட்டம் தட்டியும், வேலைக்குத் தேவையான தகவல்களை மறைத்தும், அவர் செய்து முடித்ததைத் தம் பெயரில் காட்டியும் வந்திருக்கிறார். விசாரணையில் இது உறுதியாகிவிட்டது. பாதிக்கப்பட்டவர் ஆறு வார மருத்துவ விடுப்பு முடிந்து அடுத்த வாரம் திரும்புகிறார். விடுப்புக்கு முன் அவர் செல்பேசியை எப்போதும் கவிழ்த்தே வைத்திருப்பார். அது அதிர்ந்தால் அவர் கை மேசை விளிம்பை இறுகப் பற்றிக்கொள்ளும். அதைப் பார்த்தும் என்னவென்று நான் கேட்கவில்லை. அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை.

அவரை வேறு பிரிவுக்கு மாற்றி, உளநல ஆலோசகரிடம் அனுப்பினால் போதும் என்கிறது நிர்வாகம். அவருடைய உடல்நலத்துக்கும் வேலைக்கும் இது உண்மையிலேயே உதவுமா?

பணிநலச் செவிலியர் எழுதியது:

ஆலோசகர் தேவைதான், ஆனால் அது பாதி வேலைகூட ஆகாது. சுவீடனில் 1980களில் இதை ஆராய்ந்த உளவியலாளர் ஹைன்ஸ் லேமன், வாரம் ஒரு முறையாவது நிகழ்ந்து, ஆறு மாதங்களுக்குக் குறையாமல் தொடரும் பகைமையையே பணியிடத் துன்புறுத்தல் என்று வரையறுத்தார். அத்தனை காலம் எந்நேரமும் விழிப்பாகவே இருந்து பழகிய உடல், விடுப்பின் கடைசி நாளோடு சட்டென்று தளர்ந்துவிடாது. தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றுக் கோளாறு, ஒரே பத்தியை மூன்று முறை படித்தும் மனத்தில் நிற்காத நிலை ஆகியவை சில மாதங்கள் நீடிக்கலாம். இதை வேலைத்திறன் குறைவு என்று யாரும் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரங்களில் அரை நாள் வேலை கொடுத்து, மருத்துவர் சொல்லும் வேகத்தில் நேரத்தைக் கூட்டுங்கள். சிகிச்சைக்குச் செல்லும் நேரத்தை விடுப்பில் கழிக்க வேண்டாம். என்ன நோய், என்ன மருந்து என்று கேட்க வேண்டாம். எந்த வேலை இப்போது முடியும், எது முடியாது என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னாலும், அன்றே மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள். தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

மீண்டு வந்தவர் எழுதியது:

என்னையும் இப்படித்தான் "உன் நன்மைக்காக" என்று சொல்லி மாற்றினார்கள். நான் நான்கு ஆண்டுகள் கற்ற வேலை, பழகிய மனிதர்கள், அடுத்த பதவி உயர்வு எல்லாம் ஒரே கடிதத்தில் போயின; துன்புறுத்தியவர் அதே நாற்காலியில் இருந்தார். தவறு என்னுடையதுதானோ என்று பல நாள் நினைத்திருக்கிறேன். ஆகவே, இடம் மாற வேண்டியவர் யார் என்பதை முதலில் அவரிடமே கேளுங்கள். அவரே மாற விரும்பினால் பதவியும் ஊதியமும் குறையக் கூடாது.

புதிய பிரிவின் மேலாளர் என்னை அழைத்து ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "எந்தக் கூட்டத்துக்கு நான் உடன் வரட்டும்?" என்று மட்டும் கேட்டார். கூட்டம் முடிந்ததும், யார் எந்த வேலையைச் செய்தார் என்பதை அனைவருக்கும் எழுத்தில் அனுப்பினார். என் உழைப்பு என் பெயரில் எழுதப்பட்டதைப் பார்த்த அந்த வாரம்தான் முதன்முறையாக இரவு முழுவதும் தூங்கினேன்.

இன்னொன்று: பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்த சக ஊழியர்களின் மௌனம்தான் எனக்கு அதிகம் வலித்தது. கேட்காமல் விட்டதற்கு நீங்கள் வருந்துவதை அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள்.

தொழிற்சங்கப் பிரதிநிதி எழுதியது:

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019இல் ஏற்று, 2021இல் நடைமுறைக்கு வந்த 190ஆம் உடன்படிக்கை, பணியிட வன்முறையையும் துன்புறுத்தலையும் ஒழிப்பதற்கென்றே உருவானது. புகார் அளித்தவரும் சாட்சி சொன்னவரும் பழிவாங்கப்படாமல் காக்கப்பட வேண்டும் என்று அது கோருகிறது. அந்த அமைப்பு 2022இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய அனுபவத்துக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரே அதை யாரிடமாவது சொல்லியிருந்தனர். உங்கள் ஊழியர் சொல்லத் துணிந்தவர். அந்தத் துணிவுக்கு அவர் விலை கொடுக்கும்படி ஆகக் கூடாது.

பழிவாங்கல் வெளிப்படையாக வராது. ஆண்டு மதிப்பீட்டில் ஒரு படி இறங்கும். நல்ல வேலைகள் வேறு மேசைக்குப் போகும். விடுப்புக் காலத்தையும் அதற்கு முந்தைய மாதங்களையும் மதிப்பீட்டில் சேர்க்கக் கூடாது என்று இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். துன்புறுத்தியவர் எழுதிய பழைய மதிப்பீடுகள் இருந்தால், அவற்றை மறு ஆய்வு செய்யவும் கேளுங்கள்.

குழுப் பொறுப்பாளர் எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்று அவரிடம் பேசி, முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவர் இந்தக் குழுவிலேயே இருக்க விரும்புகிறார். கதவைப் பார்த்தபடி, முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும் இடம் மட்டும் வேண்டும் என்றார். மூத்தவரை வேறு பிரிவுக்கு மாற்றவும், மதிப்பீடுகளை மறு ஆய்வு செய்யவும் நிர்வாகத்துக்கு எழுதிவிட்டேன். மேசையை இன்று மாலை நானே நகர்த்தி வைக்கிறேன்.