மனிதவள முகாமையாளர் விலகுகிறார்: பயப்பட வேண்டுமா?

நல்லூரான்:
யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தின் கிளையில் வேலை செய்கிறேன். எங்கள் மனிதவள முகாமையாளர் மாத முடிவோடு விலகுகிறாராம். அறிவித்தல் இரண்டே வரி. ஏப்ரலில் சம்பளம் கூட்டித் தருவதாக எனக்கு வாயால் சொன்னவர் அவர்தான். அப்பிள் நிறுவனத்திலும் மனிதவளத் தலைவர் கேரல் சர்பேஸ் இரண்டு ஆண்டு நிறையுமுன்னரே 2024 இல் போய்விட்டார். நிறுவனம் ஆட்டம் காண்பதற்கு இது அறிகுறியா?

கோண்டாவில் அக்கா:
தம்பி, போகிறவரை விடுங்கள், அந்தக் கதிரையில் யாரை இருத்துகிறார்கள் என்று பாருங்கள். சர்பேஸ் 2023 இல் வெளியிலிருந்து வந்தவர். அவர் போனதும் பொறுப்பு டீட்ரா ஓபிரையனிடம் திரும்பிவிட்டது. ஓபிரையன் 1988 முதல் அப்பிளில் இருப்பவர், கடைகளையும் சேர்த்துப் பார்ப்பவர். வெளியாள் ஒட்டவில்லை, வீட்டு ஆளையே கூப்பிட்டார்கள் என்பது என் ஊகம். காசு முடையென்றால் அப்பிளுக்கா! கூகிளின் மனிதவளத் தலைவர் லாஸ்லோ பொக் 2016 இல் விலகியது வேறு கதை. பத்தாண்டு இருந்துவிட்டுச் சொந்த நிறுவனம் தொடங்கினார்.

உங்கள் கந்தோரில் கதிரை வெறுமையாகவே கிடந்து, லீவுப் படிவங்களில் கணக்காளர் கையெழுத்து வைக்கத் தொடங்கினால் யோசியுங்கள்.

நானும் இதே வேலையில் இருந்தவள். புதிதாக வருபவர் கோப்பைத்தான் திறப்பார். வாயால் சொன்னது அதில் இராது. "ஏப்ரல் சம்பள உயர்வு பற்றிப் பேசியதை உறுதிப்படுத்தித் தாருங்கள்" என்று போகிறவருக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரு வரிப் பதில் வந்தாலே போதும். பிரியாவிடை கேக் வெட்டுகிற நாளில் போய்க் கேட்காதீர்கள், அன்று எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் ஓம் என்பார்.

நல்லூரான்:
நன்றி அக்கா, அனுப்பிவிட்டேன். சேமலாப நிதிக்கு ஏதும் நடக்குமா?

கோண்டாவில் அக்கா:
அதற்கும் அவருக்கும் தொடர்பில்லை. உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் மத்திய வங்கிக்குப் போக வேண்டியவை. சம்பளத் துண்டில் கழித்த காசு உங்கள் கணக்கில் விழுந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும்.

சுன்னாகத்தான்:
பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால், ஐந்து ஆண்டு முடித்தவருக்கு வேலையை விடும்போது பணிக்கொடை உண்டு. ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம். தம்பி, கோபத்தில் நீங்களும் விலகல் கடிதம் கொடுத்துவிடாதீர்கள்.

நல்லூரான்:
எனக்கு ஆவணியில்தான் ஐந்து முடிகிறது, அண்ணை. அதுவரை அசைய மாட்டேன்.