மொசின் துவக்குக்கு மலிவான ஸ்கோப் மவுண்ட்: செய்து அனுப்பலாமா?

களுதாவளை லேத்காரன்:
வணக்கம். களுதாவளையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். தண்ணீர்ப் பம்பு சாஃப்ட், லேண்ட்மாஸ்டர் புஷ், இதுதான் தினசரி வேலை. துவக்கு என் பக்கம் வந்ததில்லை, வரவும் வேண்டாம்.

அல்பர்டாவில் இருக்கிற அக்கா மகன் லைசென்ஸ் எடுத்து, மான் வேட்டைக்கென்று பழைய ரஷ்ய இராணுவத் துவக்கு ஒன்று வாங்கியிருக்கிறான். மொசின் நாகன்ட் 91/30. இப்போது, “மாமா, மேலே ஸ்கோப் பூட்ட அலுமினியத்தில் ஒரு மவுண்ட் வெட்டி அனுப்புங்க, இங்கே ரிசீவரில் துளை போட்டுப் பூட்டிக்கொள்கிறேன்” என்று அளவெல்லாம் அனுப்பியிருக்கிறான். ஸ்கோப் என்றால் குறி பார்க்கிற தூரக்கண்ணாடி, மவுண்ட் அதைத் தாங்குகிற பிடி, ரிசீவர் குழலுக்குப் பின்னால் போல்ட் ஓடுகிற இரும்புப் பகுதி. வெட்டுவது பெரிய வேலையில்லை. ஆனால் படத்தைப் பார்த்தால் ரவை ஏற்ற இழுக்கிற போல்ட்டின் கைப்பிடி ஸ்கோப்பில் முட்டும் போலிருக்கிறது. அதோடு 100 மீட்டரில் சுட்டால் ஒரு சாண் மேலே படுகிறதாம். அதற்கும் மவுண்டுக்கும் சம்பந்தம் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆரையம்பதியான், கனடா:
அண்ணே, உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அந்தக் கைப்பிடி மூடியிருக்கும்போது வலப்பக்கம் நேராக நீட்டிக்கொண்டிருக்கும். திறந்தால் செங்குத்தாக மேலே எழும்பும். அந்த இடத்தில் ஸ்கோப் இருந்தால் போல்ட்டைத் திறக்கவே ஏலாது. கைப்பிடியை வெட்டி, வளைந்த ஒன்றை ஒட்டவைக்க வேண்டும். மேலேயிருந்து கிளிப்பில் ஐந்து ரவையை ஒரேயடியாக இறக்குவதும் போய்விடும். துளை போட்ட துவக்கை அப்புறம் சேகரிப்பாளர்கள் யாரும் நல்ல விலைக்குக் கேட்கமாட்டார்கள். மலிவாக வாங்கியதை இன்னும் மலிவாக்குகிற வேலை அது.

துளை இல்லாத வழி ஒன்று உண்டு. குழல் மேலே குறி பார்க்க இருக்கிற பின் சைட்டின் தகட்டைப் பிடித்திருக்கும் ஊசியைத் தட்டிக் கழற்றி, அதே இடத்தில் பூட்டுகிற மவுண்ட். கடையில் விற்கிறது, விலையும் அதிகமில்லை. ஆனால் அந்த இடம் கண்ணிலிருந்து தள்ளி இருக்கிறது. சாதாரண ஸ்கோப்புக்குக் கண் மூன்று நான்கு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். இங்கே அதைப் போட்டால் உள்ளே கறுப்பு வளையம்தான் தெரியும். கைத்துப்பாக்கிக்கோ ஸ்கோப்பை முன்னே தள்ளிப் பூட்டுகிற ஸ்கௌட் துவக்குக்கோ செய்த, தூரக் கண்ணுக்கான ஸ்கோப் வேண்டும். மருமகன் ஏற்கெனவே ஸ்கோப் வாங்கிவிட்டாரா? வாங்கியிருந்தால் அது எது என்று முதலில் கேளுங்கள்.

மலிவு மவுண்டுகளில் எனக்குப் பிடிக்காதது ஆட்டம். ஊசித் துளையில் கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் மொசினின் 7.62க்கு 54 மி.மீ. ரவையின் உதை அதைப் பெரிதாக்கிவிடும். காலையில் பிடித்த குறி மாலையில் இருக்காது.

அக்கரைப்பற்று வயற்காரன்:
நானும் கேட்கிறேன், எங்களுக்குப் பன்னி விரட்ட ஒரு பன்னிரண்டு போர் துவக்குக்கு லைசென்ஸ் புதுப்பிக்கவே அலைய வேண்டியிருக்கிறது, அங்கே ஸ்கோப் போடுவதா போடாமல் விடுவதா என்பதுதான் கவலையாம்! லேத்கார அண்ணன், ஒன்று மட்டும் சொல்கிறேன். துவக்குச் சாமான் என்று எழுதி மட்டக்களப்பிலிருந்து பார்சல் போடாதீங்க. வெறும் அலுமினியத் துண்டுதான் என்றாலும் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

ஆரையம்பதியான், கனடா:
அது சரியான பேச்சு. மறுகா அந்த ஒரு சாண் விஷயம். மொசின்காரர் எல்லாரும் சொல்கிற குறைதான். அந்தக் காலத்தில் குழல் நுனியில் துவக்கு ஈட்டியை (பயனெட்) பூட்டிவைத்துத்தான் குறி பார்த்துச் சரிசெய்தார்கள். ஈட்டி இல்லாமல் சுட்டால் படுகிற இடம் மாறும். பின் சைட் 100 மீட்டருக்குக் கீழே இறங்காது. ஆகவே முன் சைட்டைத்தான் உயர்த்த வேண்டும். இங்கே பலர் செய்வது, மின்வயரின் தோலைச் சின்னத் துண்டாக வெட்டி முன் சைட்டின் குறி ஊசியில் கொஞ்சம் உயரமாகச் சொருகி, சுடச்சுட மேலே சீவிக்கொண்டு வருவது. சதம் செலவில்லை. அளவு பிடிபட்டதும் சரியான ஊசி செய்து போடலாம்.

மான் என்றால் இன்னொன்று. பழைய இராணுவ ரவை வேண்டாம். அல்பர்டாவில் பெரிய மிருகத்துக்கு விரியும் முனை ரவைதான் சட்டம். அதனால் வேட்டைக்கு வாங்குகிற ரவையாலேயே குறி பார்க்கச் சொல்லுங்கள். மலிவு இராணுவ ரவையால் சரிசெய்த குறி அதற்குப் பொருந்தாது. இராணுவ ரவையைப் பழகச் சுட்டாலும் அன்றே குழலைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், பெரும்பாலானதில் உப்பு விட்டுப் போகும், துரு பிடிக்கும்.

களுதாவளை லேத்காரன்:
நன்றி தம்பி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு சைட்டுக்கும் நடுவில் சுமார் 62 சென்டிமீட்டர். அப்படியானால் முன் ஊசியை 1 மி.மீ. உயர்த்தினால் 100 மீட்டரில் 16 சென்டிமீட்டர் கீழே வரும். சாண் 20 என்று வைத்தால் ஒன்றேகால் மில்லிமீட்டர். இதற்கா இவன் துளைபோடப் பார்த்தான்!

வாட்ஸ்அப்பில் சொன்னேன். ஸ்கோப் வாங்கிவிட்டானாம், சாதாரணமானதுதான். பெட்டி பிரிக்கவில்லை, திருப்பிக் கொடுக்கிறேன் என்கிறான். காட்டில் 80, 100 மீட்டருக்கு மேல் சுட இடமில்லை என்றும் அவனே சொல்கிறான். அப்புறம் கண்ணாடி எதற்கு? கொஞ்சம் வலப்பக்கமும் போகிறதாம். முன் சைட்டை எந்தப் பக்கம் தட்டுவது?

ஆரையம்பதியான், கனடா:
முன் சைட் என்றால் படுகிற பக்கத்துக்கே, அண்ணே. வலப்பக்கம் போனால் வலப்பக்கம். பித்தளைக் கோலை வைத்து மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள், முதலில் பழைய இடத்தில் ஒரு கோடு கீறிவிட்டு.