விளையாட்டின் லினக்ஸ் பதிப்பு பழைய கணினிகளிலும் ஓட வழி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். நானும் தம்பியும் சாளரம், ஒலி போன்றவற்றைக் கையாளும் எஸ்டிஎல் (SDL) நூலகத்தைக் கொண்டு சி++ மொழியில் எழுதிய ஒரு புதிர் விளையாட்டின் லினக்ஸ் பதிப்பை விரைவில் வெளியிட இருக்கிறோம். உபுண்டு லினக்ஸ் 24.04 இல் தொகுத்த (compile) கோப்பு எங்கள் கணினியில் நன்றாகவே ஓடுகிறது; ஆனால் 22.04 வைத்திருக்கும் தோழி ஒருவர் அதைத் திறந்தபோது, ஜிலிப்சி (glibc, லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி நூலகம்) 2.38 இல்லை என்ற ஒற்றை வரியை முனையத்தில் காட்டிவிட்டு நின்றுவிட்டது. அவரிடம் இருப்பது 2.35 என்பதால் காரணம் தெளிவாகவே புரிகிறது.

டெபியன் 11 என்ற லினக்ஸ் வழங்கலை அடிப்படையாகக் கொண்ட, ஸ்டீம் விளையாட்டுத் தளத்தின் ‘ஸ்னைப்பர்’ சூழலுக்குள் (விளையாட்டுகளைத் தொகுக்கவும் இயக்கவும் உதவும் நூலகத் தொகுப்பு) தொகுத்தால் ஜிலிப்சி 2.31 போதும் என்பதால், அதுவே சரியான வழி என்று கருதுகிறோம். எங்கள் ஐயம் சி++ நூலகத்தைப் பற்றியது: அதை விளையாட்டுடன் சேர்த்து அனுப்பினால், புதிய கணினிகளில் மேசா வரைகலை இயக்கி அந்தப் பழைய பிரதியோடு மோதி, சாளரமே திறக்காமல் போகக்கூடும். அதை நிரலுக்குள்ளேயே நிலையாக (static linking) இணைத்துவிடுவது பாதுகாப்பானதா? இவ்வாறு வெளியிட்ட அனுபவம் உள்ளவர்கள், நீங்கள் பயன்படுத்திய இணைப்பு அமைப்புகளைப் பகிர்ந்தால் பெரிதும் நன்றியுடையவர்களாக இருப்போம். ஃபெடோரா, ஆர்ச் ஆகிய லினக்ஸ் வழங்கல்களைப் பயன்படுத்துவோர் சோதித்துப் பார்க்க முன்வந்தால் கோப்பை உடனே அனுப்புகிறோம்.