மறு: கனெக்டருக்குத் தமிழ் – இணைப்பியா, தொடுப்பியா, கொக்கியா?

அனைவருக்கும் வணக்கம்.

இந்த விவாத இழை நீண்டுகொண்டே போகிறது, சொல் மட்டும் அமையவில்லை. கேட்கப்பட்டது எளிய கேள்விதான். அலுவலகத்தில் நாம் பேசிக்கொள்ளும் ஸ்லாக், டீம்ஸ், ஸோஹோ கிளிக் போன்றவற்றில் ஒரு பாட் (எழுதிக் கேட்டால் பதில் சொல்லும், வேலை செய்து தரும் மென்பொருள்) உட்கார்ந்திருக்கிறது. காலண்டர், கோப்புக் கிடங்கு, விடுப்பு மென்பொருள், வாடிக்கையாளர் பதிவேடு என்று வெளியே இருப்பவற்றோடு அதைச் சேர்த்துவைக்கும் பகுதிக்கு, அதாவது கனெக்டருக்கு, தமிழில் என்ன பெயர்? வந்த பரிந்துரைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> வெப்ஹுக் இருக்கிறதே, அதையொட்டி 'கொக்கி' என்றே வைக்கலாம். சின்னச் சொல், வாயில் நிற்கும்.

நிற்கும்தான். ஆனால் நம் ஊரில் 'கொக்கி போடுவது' என்றால் கம்பியிலிருந்து திருட்டுக் கரண்ட் இழுப்பது. அனுமதி கேட்டு வாங்கி இணைக்கிற ஒன்றுக்கு அந்தப் பெயர் வேண்டாம் ஐயா. தவிர, வெப்ஹுக் வேறு சரக்கு. 2007-இல் ஜெஃப் லிண்ட்சே வைத்த பெயர் அது. இங்கே ஏதாவது நடந்தால் அங்கே ஒரு முகவரிக்குச் செய்தியைத் தட்டிவிடு என்ற ஒருவழி ஏற்பாடு. நம் பாட் அப்படியில்லை. போய்க் கேட்கிறது, பதில் வாங்குகிறது, சில சமயம் அங்கே இருப்பதை மாற்றிவிட்டும் வருகிறது.

> 'தொடுப்பி' எப்படி? லிங்க்குக்குத் 'தொடுப்பு' என்று ஏற்கெனவே எழுதுகிறோம்.

வலைப்பதிவுகளில் எழுதினோம், உண்மை. ஆனால் பேச்சில் 'தொடுப்பு' என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். 'மேலாளர் புதிய தொடுப்பை ஏற்படுத்தியுள்ளார்' என்று அலுவலகத் திரையில் அறிவிப்பு வந்தால் மனிதவளத் துறைக்குத்தான் புகார் போகும்.

'சாரியை' என்ற பரிந்துரையை ரசித்தேன். மரம் என்பதற்கும் ஐ என்ற உருபுக்கும் நடுவில் அத்து வந்து உட்கார்ந்து 'மரத்தை' ஆக்கித் தருகிறதே, அந்த வேலைதான் இதுவும் என்று நண்பர் எழுதியிருந்தார். அழகான வாதம். ஆனால் சாரியைக்குத் தனியாக வேலையோ அதிகாரமோ கிடையாது, நாம் பெயர் தேடும் பொருளுக்கு இரண்டும் உண்டு. 'உங்கள் சாரியைகளை நிர்வகிக்க' என்று பட்டனில் பார்ப்பவருக்குப் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுதான் நினைவுக்கு வரும்.

மிஞ்சுவது இணைப்பு, இணைப்பான், இணைப்பி. 'இணைப்பு' கூடாது. மின்னஞ்சலில் அது அட்டாச்மெண்ட், வீட்டில் கேஸ் கனெக்‌ஷன், திரையில் நெட் வேலை செய்கிறதா என்பதற்கான அடையாளம். 'இணைப்பை நீக்கு' என்று எழுதினால் எதை நீக்கச் சொல்கிறார்கள் என்று நின்று யோசிக்க வேண்டும். 'இணைப்பான்' தவறில்லை, ஆனால் ஆன் விகுதி ஆண்பால் தொனியைக் கொண்டுவருகிறது. இகர விகுதி கருவிப் பெயருக்கு நன்றாகவே பழகியது. மண்வெட்டி, பாக்குவெட்டி, துருவி எல்லாம் அப்படித்தான். பின்னால் வந்த உலாவியும் வருடியும் அதே வழி. எனவே என் ஓட்டு 'இணைப்பி'க்கு. மின்னணுவியலில் கேபிள் நுனியில் இருக்கும் பொருளுக்கும் இந்தச் சொல் உண்டே என்று ஒருவர் கேட்டிருந்தார். 'செயலி' ப்ராசஸருக்கும் ஆகிறது, ஆப்புக்கும் ஆகிறது, இதுவரை யாரும் குழம்பிப்போய் விழவில்லை.

சரி, சொல் முடிந்தது. ஆனால் வேலை முடியவில்லை என்பதுதான் நான் எழுத வந்ததே.

ஆங்கிலத்தில் கனெக்டர் என்ற ஒரே பெயருக்குள் பல பொருள்கள் கிடக்கின்றன. மைக்ரோசாஃப்ட் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். டீம்ஸில் ஆபீஸ் 365 கனெக்டர் என்று இருந்தது, வெளியிலிருந்து சேனலுக்குள் செய்தி போடும் வேலைக்கு. 2024-இல் அதற்கு ஓய்வு அறிவித்தார்கள். வேலைகளைத் தானாக நடத்திவைக்கும் பவர் ஆட்டோமேட்டில் கனெக்டர் என்றால் இன்னொரு மென்பொருளின் ஏபிஐ-யை (மற்ற மென்பொருள்கள் அதைக் கூப்பிடுவதற்கான வாசல்) அழைக்கத் தோதாகச் சுற்றிக் கட்டிய உறை. அவர்களின் ஏஐ உதவியாளரான கோபைலட்டுக்கான கோபைலட் கனெக்டர் (முன்பு கிராஃப் கனெக்டர்) பெரும்பாலும் வெளித் தரவை முன்கூட்டியே உள்ளே இழுத்து, தேடத் தோதாக அட்டவணை போட்டு வைத்துக்கொள்கிறது. ஒன்று தகவல் தட்டுகிறது, ஒன்று கூப்பிடுகிறது, ஒன்று அள்ளி வைக்கிறது. இவை அனைத்தையும் 'இணைப்பி' என்று நாமும் பெயர்த்துவிட்டுப் போகலாம். ஆனால் படிப்பவருக்குத் தெரிய வேண்டியது வேறு: தரவு இருக்கும் இடத்திலேயே இருக்கிறதா, நகல் எடுக்கப்படுகிறதா? யார் பெயரில் எடுக்கப்படுகிறது?

கடைசிக் கேள்விக்குச் சொல் இல்லாததுதான் பெரிய குறை. ஓர் ஊழியர் பாட்டிடம் "வர்ற வெள்ளிக்கிழமை லீவு போடு" என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விடுப்பு மென்பொருளோடு இன்னும் இணைக்கவில்லை, எனவே ஒரு பட்டன் வருகிறது. அழுத்தினால் அந்த மென்பொருளின் உள்நுழைவுப் பக்கம் திறக்கும். நுழைந்ததும், 'இது உங்கள் விடுப்புக் கணக்கைப் பார்க்கும், விண்ணப்பம் இடும்' என்று பட்டியல் போட்டு ஒப்புதல் கேட்கும். சரி என்றால் ஒரு குறியீட்டோடு பழைய இடத்துக்குத் திருப்பி அனுப்பும். பாட்டின் சர்வர் அந்தக் குறியீட்டைக் கொடுத்து, உள்ளே போய்வர அனுமதிச் சீட்டு போன்ற ஒரு டோக்கன் வாங்கிக்கொள்ளும். இப்படி அனுமதி கொடுப்பதற்கென்று 2012-இல் வந்த ஓஆத் 2.0 வரையறையின் நடைமுறை இது. (டோக்கனுக்கு 'அணுகல் வில்லை' என்று யாரும் கிளம்ப வேண்டாம். ரேஷன் கடை முதல் ஆஸ்பத்திரி வரை டோக்கன் டோக்கன்தான்.)

இந்த வழியில் வந்த டோக்கனால் அந்த ஊழியர் பார்க்கக்கூடியதை மட்டுமே பாட் பார்க்கும். இன்னொரு வழி உண்டு. நிர்வாகி ஒரே தடவையில் நிறுவனம் முழுமைக்கும் ஒப்புதல் கொடுத்துவிடுவார், பாட் தன் சொந்த அதிகாரத்தில் உள்ளே போகும். முதல் வகையை மைக்ரோசாஃப்ட் 'டெலிகேட்டட்' அனுமதி என்கிறது, இரண்டாவதை 'அப்ளிகேஷன்' அனுமதி. இரண்டாவது வகையில், பாட்டைக் கட்டியவர் கேட்பவர் யாரென்று சரிபார்க்கத் தவறினால், பக்கத்து சீட்டுக்காரரின் சம்பளத்தைக் கேட்டாலும் பதில் வந்துவிடும். இரண்டு இடத்திலும் திரையில் 'இணைக்கப்பட்டது' என்று மட்டும் எழுதி வைத்தால் தமிழில் படிப்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

எனவே கையேட்டுக்கு 'பயனர்வழி அனுமதி', 'நிறுவனவழி அனுமதி' என்று வைக்கலாம். திரைக்கு இதுவும் வேண்டாம், 'உங்கள் பெயரில்', 'அலுவலகம் முழுவதற்கும்' என்று நேராக எழுதிவிடலாம். 'சார்பாக' என்பதை நான் தவிர்க்கிறேன். அழைப்பிதழில் குடும்பத்தார் சார்பாக வரவேற்கிறோம் என்கிற அளவுக்கு அது தேய்ந்துபோய்விட்டது, யாரும் நின்று படிப்பதில்லை. 'உங்கள் பெயரில் விடுப்பு விண்ணப்பம் இடும்' என்றால் நிச்சயம் ஒரு நொடி யோசிப்பார்கள்.

2024 நவம்பரில் ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்) நெறிமுறை பரவப் பரவ, இணைக்கும் வேலை பொதுவான அச்சுக்கு வருகிறது. ஒவ்வொரு மென்பொருளும் தன்னால் என்னென்ன செய்ய முடியும் என்ற கருவிப் பட்டியலோடு ஒரு சர்வரை வைக்கிறது, பாட் பக்கத்தில் உள்ள கிளையண்ட் என்ற நிரல் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. தனித்தனியாக ஒட்டுப்போடும் பாடு குறையும். அனுமதியைப் பற்றிய கேள்வி குறையாது. நம் சொல்லாக்கக் கவனமும் அந்தப் பக்கம் போனால் நல்லது.

அப்புறம் டிஸ்கனெக்ட். 'துண்டி' என்று சில மொழிபெயர்ப்புகளில் பார்த்தேன். ஈபி பில் கட்டாதவருக்கு வரும் மிரட்டல் போல இருக்கிறது என்பது ஒருபுறம், பொருளும் சரியில்லை. இந்தப் பக்கம் துண்டித்தாலும், அந்த மென்பொருளின் கணக்கு அமைப்பில் கொடுத்த ஒப்புதல் அப்படியே நிற்கக்கூடும். அட்டவணை போட்ட நகலும் உடனே அழியும் என்பதில்லை. எனவே இரண்டு பட்டன், இரண்டு சொல்: 'இணைப்பியை நீக்கு', 'அனுமதியைத் திரும்பப் பெறு'. இரண்டாவது நீளம்தான். நீளமாகவே இருக்கட்டும்.

பாட்டை 'அரட்டை உதவியாளர்' என்று சொல்லலாமா என்ற கிளைக் கேள்விக்கு: ஸோஹோ 2021-இல் தன் செயலிக்கே 'அரட்டை' என்று பெயர் வைத்த பிறகு அது நமக்குப் பொதுச்சொல்லாகத் திரும்பக் கிடைப்பது கடினம். அலுவலக நேரத்தில் அரட்டை என்றால் மேலாளர்களுக்கும் பிடிக்காது. 'பணியிட உதவியாளர்' போதும்.

பாட் எதையெல்லாம் தொடலாம் என்பதைக் குறிக்கும் 'ஸ்கோப்'புக்கு 'அனுமதி வரம்பு' என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன், அதைத் தனி இழையில் பேசலாம். 'இணைப்பி'க்கு வலுவான மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் திங்களன்று மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றிவிடுகிறேன். தொடுப்பிக்கு இன்னொரு சுற்று வேண்டாம்.

அன்புடன்