முதல் குட்டிச் சுற்றுலாவுக்கு யார்க் போங்கள், ஒரு ராத்திரியாவது தங்குங்கள்

இங்கிலாந்து வந்து நாலைந்து மாதம் ஆனதும் எல்லோரும் கேட்கிற கேள்விதான். திங்கட்கிழமை பேங்க் ஹாலிடே என்ற பொது விடுமுறை, கையில் மூன்று நாள், எங்கே போகலாம்? உடனே மனசு பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் என்று ஓடும். நம் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு அங்கெல்லாம் போக ஷெங்கன் விசா தனியாக எடுக்க வேண்டும், இங்கே வேலை விசா இருக்கிறது என்பதற்காக விட்டுவிட மாட்டார்கள். அதை நிதானமாகத் திட்டமிட்டுக்கொள்ளலாம். முதல் பயணத்துக்கு வட இங்கிலாந்தில் இருக்கும் யார்க் நகரத்துக்குப் போங்கள். விசா வேண்டாம், கார் வேண்டாம், ஊருக்குள் பஸ்கூட வேண்டாம், ரயிலைவிட்டு இறங்கினால் எல்லாமே நடக்கிற தூரம். ரோமர்கள் கி.பி. 71-இல் கோட்டை கட்டிய இடம், 866-இல் வைக்கிங்குகள் என்ற வட ஐரோப்பியக் கடலோடிகள் பிடித்த இடம், அதற்கு மேல் இடைக்கால ஊர். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். லண்டனிலிருந்து காலையில் போய் ராத்திரி திரும்பிவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். போக முடியும், லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனிலிருந்து வேகமான ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான். ஆனால் பகல் பதினொன்று முதல் நாலு வரை ஊர் முழுக்க டே டிரிப் கூட்டம். அந்த நேரத்தில் ஷாம்பிள்ஸ் தெருவுக்குள் நுழைந்தால் முன்னால் போகிறவர் முதுகைத்தான் பார்ப்பீர்கள். அங்கேயே தங்கிவிட்டுக் காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். தெருவில் ஆள் இருக்காது. இரண்டு பக்கமும் மரச்சட்ட வீடுகள், மாடி ஒவ்வொன்றும் கீழ்த்தளத்தைவிட முன்னால் துருத்திக்கொண்டு, மேலே கிட்டத்தட்ட ஒன்றையொன்று தொடும். அது கசாப்புக் கடைத் தெருவாக இருந்தது. கடைகளின் வெளியே இறைச்சி தொங்கவிட்ட கொக்கிகள் சில இன்னும் இருக்கின்றன, ஜன்னலுக்குக் கீழே இறைச்சியைப் பரப்பி வைத்த அகலமான பலகைகளும் இருக்கின்றன. வெயில் படாமல் இருக்கத்தான் தெருவை இவ்வளவு குறுக்கினார்கள் என்று சொல்வார்கள். இதையெல்லாம் நின்று பார்க்க ஆளில்லாத காலை நேரம்தான் சரி.

சரி, டிக்கெட். இங்கே ரயில் கட்டணம் நம் ஊர் மாதிரி ஒரே விலை கிடையாது. கிளம்புகிற அன்றைக்கு ஸ்டேஷனில் வாங்கினால் கண்ணைக் கட்டும். பல வாரங்களுக்கு முன்பே அட்வான்ஸ் டிக்கெட் எடுத்தால் பாதிக்கும் கீழே கிடைப்பது சகஜம், ஆனால் அந்த டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான், அடுத்ததில் ஏறினால் புது டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும். சில ஆப்களில் புக்கிங் கட்டணம் என்று தனியாகப் பிடிப்பார்கள், ரயில் கம்பெனியின் சொந்தத் தளத்தில் அது கிடையாது. கணவன் மனைவி சேர்ந்து போனால் டூ டுகெதர் ரயில்கார்டு என்ற தள்ளுபடி அட்டை எடுங்கள், ஆண்டுக்கு 35 பவுண்டு, மூன்றில் ஒரு பங்கு குறையும், ஒரே பயணத்தில் பெரும்பகுதி திரும்பிவிடும். வார நாட்களில் காலை 9:30-க்கு முன் அது செல்லாது, கார்டில் பெயர் உள்ள இருவரும் சேர்ந்தே பயணம் செய்ய வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே குழந்தைகளுக்கு டிக்கெட் இல்லை, 5 முதல் 15 வரை பாதி. பெரிய பிள்ளைகள் இருந்தால் ஃபேமிலி அண்ட் ஃபிரண்ட்ஸ் கார்டு இன்னும் லாபம். பணம்தான் பிரச்சினை, நேரம் இருக்கிறது என்றால் கோச் என்கிற நெடுந்தூர பஸ் உண்டு, ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. குழந்தைகளோடு அதை நான் சொல்ல மாட்டேன்.

தங்குவதற்குப் பழைய ஊரைச் சுற்றியுள்ள மதிலுக்கு உள்ளேதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். பூத்தம் பக்கமும் தி மவுண்ட் பக்கமும் கெஸ்ட் ஹவுஸ்கள் இருக்கின்றன, பத்துப் பதினைந்து நிமிட நடை. முன்பதிவு செய்யுமுன் குதிரைப் பந்தயத் தேதிகளைப் பாருங்கள். ஆகஸ்ட் ஈபோர் பந்தய நாட்களில் ரூம் விலை எங்கேயோ போய்விடும். நவம்பர், டிசம்பர் கிறிஸ்துமஸ் மார்க்கெட் சமயமும் அப்படித்தான். என்னைக் கேட்டால் மார்ச் கடைசி, ஏப்ரல்: மதிலின் புல் சரிவு முழுக்க மஞ்சள் டாஃபடில் பூத்திருக்கும், கூட்டமும் தாங்கும். டிசம்பரில் போவதானால் மூன்றே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் என்பதை மனதில் வைத்துத் திட்டம் போடுங்கள், இங்கே முதல் குளிர்காலம் காணும் யாருக்கும் இது உறைக்காது.

மதில்தான் யார்க்கின் உயிர். சுமார் 3.4 கிலோமீட்டர், இங்கிலாந்தில் இருக்கும் இடைக்கால நகர மதில்களில் இதுதான் மிக நீளம், நடக்கக் காசே இல்லை, காலை எட்டு மணிக்குத் திறந்து இருட்டும்போது பூட்டிவிடுவார்கள். முழுச்சுற்றுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அவ்வளவு முடியாதென்றால் பூத்தம் பாரிலிருந்து மங்க் பார் வரை (பார் என்றால் இங்கே மதில் வாசல்) மட்டும் நடங்கள், மின்ஸ்டர் பேராலயத்தின் பின்புறம் தோட்டங்களுக்கு மேலே எழுந்து நிற்பது அங்கிருந்துதான் அழகாகத் தெரியும். கைக்குழந்தை வண்டி ஏறாது, படிகள். உள்பக்கம் பல இடங்களில் கைப்பிடிக் கம்பியே கிடையாது, துறுதுறுவென்று ஓடும் மூன்று நாலு வயசுப் பிள்ளை என்றால் கையை விடவே விடாதீர்கள். மழை பெய்தால் கல் வழுக்கும், நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும்.

மின்ஸ்டருக்குக் கட்டணம் அதிகம்தான், ஆனால் கொடுக்கலாம். 1220 வாக்கில் கட்ட ஆரம்பித்து 1472-இல் முடித்தார்கள். கிழக்குக் கோடியில் இருக்கும் பெரிய கண்ணாடி ஜன்னலின் முன்னால் உட்கார இடம் தேடி உட்கார்ந்துவிடுங்கள். ஜான் தார்ன்டன் என்ற கைவினைஞர் 1405-இல் ஆரம்பித்து மூன்றே ஆண்டில் முடித்தது, கூலி 56 பவுண்டு. உலகம் படைக்கப்பட்டதிலிருந்து அது முடிவது வரை விவிலியக் கதை முழுவதும் 300-க்கு மேற்பட்ட கண்ணாடிக் கட்டங்களில். ஒவ்வொன்றையும் கழற்றிச் சுத்தம் செய்து பழுதுபார்த்து 2018-இல்தான் வேலை முடிந்தது. பிறகு கீழே அடித்தளத்துக்கு இறங்குங்கள். 1960-களின் கடைசியில் கோபுரம் சரியும் ஆபத்து வந்து அஸ்திவாரத்தைப் பலப்படுத்தத் தோண்டியபோது ரோமர் கோட்டையின் சுவர்கள் கிடைத்தன. 306-இல் கான்ஸ்டன்டைனை ரோமப் பேரரசராக அறிவித்தது இதே ஊரில், வெளியே அவர் சிலை உட்கார்ந்திருக்கிறது. கோபுரம் ஏற 275 படி, முட்டி வலி உள்ளவர்கள் விட்டுவிடலாம். காசு கொடுக்க மனம் இல்லாதவர்கள் மாலை ஈவன்சாங் வழிபாட்டுக்குப் போங்கள், பெரும்பாலான நாட்களில் உண்டு, இலவசம், எந்த மதத்தவரும் அமைதியாக உட்கார்ந்து பாடகர் குழுவைக் கேட்கலாம்.

பிள்ளைகளுக்கு ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் தேசிய ரயில்வே மியூசியம். இலவசம். 1938-இல் மணிக்கு 126 மைல் ஓடி நீராவி இன்ஜின்களில் உலக சாதனை படைத்த மல்லார்ட் அங்கேதான் நிற்கிறது, ஜப்பானின் பழைய புல்லட் ரயில் பெட்டியில் ஏறி உட்காரலாம். அரை நாள் ஒதுக்குங்கள். யார்விக் வைக்கிங் மையமும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், வண்டியில் உட்கார வைத்துப் பழைய ஊருக்குள் அழைத்துப் போவார்கள், நாற்றம் உட்பட. முன்பதிவு செய்யாமல் விடுமுறை நாளில் போகாதீர்கள்.

கிளிஃபோர்ட்ஸ் டவர் என்ற மேட்டுக் கோபுரத்தில் படம் மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள். 1190-இல் வெறிக்கும்பலுக்குப் பயந்து அந்த மேட்டின் மேல் இருந்த கோட்டைக்குள் தஞ்சம் புகுந்த யூதக் குடும்பங்கள், ஏறக்குறைய 150 பேர், அங்கேயே மாண்டார்கள். வேறு நாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறியிருக்கும் நம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். இன்னொன்றும் அவர்களுக்குப் பிடிக்கும்: நவம்பர் 5 அன்று ஊரெல்லாம் வெடிக்கிறதே, தீபாவளியா என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்களே, அதற்குக் காரணமான 1605 வெடிமருந்துச் சதியில், அதாவது பார்லிமென்ட்டைத் தகர்க்கப் போட்ட திட்டத்தில், பிடிபட்ட கை ஃபாக்ஸ் பிறந்த ஊர் இதுதான்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை, இதை யாரும் சொல்வதில்லை. யார்க் இருக்கும் வட்டாரமான யார்க்‌ஷயரில் பல ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடைகளில் எண்ணெய்க்குப் பதில் மாட்டுக்கொழுப்பில்தான் பொரிப்பார்கள், சிப்ஸ் உள்பட. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் சைவக்காரர்களும் வெறும் உருளைக்கிழங்குதானே என்று வாங்கிவிடாதீர்கள், "பீஃப் டிரிப்பிங்கா, வெஜிடபிள் ஆயிலா" என்று வாய்விட்டுக் கேளுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். யார்க்‌ஷயர் புட்டிங் இனிப்பு இல்லை, மாவும் முட்டையும் பாலும் சேர்த்துச் சுட்டது, மேலே ஊற்றும் கிரேவி பெரும்பாலும் இறைச்சிச் சாறு.

அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருக்கும்போது கூட்டிப்போகலாமா என்று கேட்டவர்களுக்கு: தாராளமாக. ஊர் பெரும்பாலும் சமதளம், மதிலை விட்டுவிட்டு மின்ஸ்டர், ரயில் மியூசியம், மியூசியம் கார்டன்ஸில் இடிந்த மடாலயம், அங்கே பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்சம் ஓய்வு, போதும். 60 தாண்டியவர்களுக்குத் தனி ரயில்கார்டு உண்டு, பாஸ்போர்ட்டோடு ஸ்டேஷன் கவுன்ட்டரில் கேளுங்கள். திரும்பும் ரயிலை ஞாயிறு கடைசி நேரத்துக்குப் போடாதீர்கள். பேங்க் ஹாலிடே வார இறுதியில்தான் தண்டவாளப் பராமரிப்பு வேலை வைப்பார்கள், பாதி வழியில் இறக்கிப் பஸ்ஸில் ஏற்றுவார்கள், வயதானவர்களுக்கு அது பெரும் சிரமம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு நேஷனல் ரயில் தளத்தில் உங்கள் தேதியைப் போட்டு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ரயில் தாமதமானால் டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், டிலே ரீபே என்று விண்ணப்பித்தால் தாமதத்துக்கு ஏற்ப பணம் திரும்ப வரும்.